கணக்குச் சொல்லிக் காலங்கழித்த டி மாய்வர்

மேல்நிலைப் பள்ளியில் கணிதம் பயின்றோர் டி மாய்வரின் தேற்றத்தை அறிவர். கலப்பெண்களைப் பற்றிய பாடத்தில் அப்பெயர் வந்து போகும். பின்னர் நிகழ்தகவு, சமவாய்ப்பு மாறி, ஈருறுப்புப் பரவல், இயல்நிலைப் பரவல் என்று வரிசையாக வரும் பயிற்சிக் கணக்குகளிலோ அவர் பெயர் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆயினும் அக்கணக்குகளுக்கு வடிவம் தந்தோருள் அவர் தலையாயவர். அவர் வரலாற்றை நம் குடும்பத்து மாணவ மாணவியர்க்காகவும், அவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லும் பெற்றோர்க்காகவும் இங்குச் சுருக்கி எழுதுகின்றோம்.

ஆபிரகாம் டி மாய்வர் 1667-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் பிரான்சு நாட்டின் விட்ரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். குடும்பம் சீர்திருத்தக் கிறித்தவ நெறியைச் சார்ந்தது. அரசரும் நாட்டின் பெரும்பான்மையோரும் கத்தோலிக்கர். 1598-இல் நாந்து நகரில் பிறப்பிக்கப்பெற்ற அரசாணை ஒன்றே அச்சிறுபான்மையினரின் வழிபாட்டுக்குக் காப்பாக இருந்து வந்தது. இளைஞர் டி மாய்வர் பதினொன்றாம் வயதில் செடான் நகரத்துக் கல்விக்கூடத்துக்கு அனுப்பப்பெற்றார். அது மூடப்படவே சோமூர் சென்று தருக்கம் பயின்றார். ஆலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், சூதாட்டத்தில் எழும் கணக்குகளைப் பற்றி எழுதிய சிறுநூலை அந்நாளில் தாமாகவே முயன்று படித்தார் என்பர். பிற்கால வாழ்வு முழுவதற்கும் அச்சிறுநூலே வித்தாயிற்று.

1685-இல் பதினான்காம் லூயி மன்னர் அவ்வாணையை நீக்கினார். வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட்டன. பிள்ளைகள் அரசரின் சமயத்திலேயே வளர்க்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. நெறியை விட மனமில்லாதோர் பல்லாயிரவர் நாட்டைவிட்டு வெளியேறினர். டி மாய்வர் பாரிசு நகரத்து மடம் ஒன்றில் அடைத்து வைக்கப்பட்டார் என்றும், மனம் மாறாத நிலையிலேயே விடுவிக்கப்பட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், கையில் பொருளின்றி, அயல்மொழி பேசும் இலண்டன் மாநகரில் வந்து சேர்ந்தார்.

கணிதம் ஒன்றே அவர் கொண்டுவந்த முதல். வீடுவீடாகச் சென்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பெருநூலைத் தற்செயலாகக் கண்டு, அதன் அருமையை உணர்ந்து, விலைக்கு வாங்கி, ஏடுகளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நடக்கும் இடைவேளைகளில் படித்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. நூலைக் கிழிப்பதை நாம் எம்மாணவர்க்கும் பரிந்துரைக்க மாட்டோம்! ஆயினும் நேரமில்லை என்று கூறுவோர்க்கு இச்செய்தி ஒரு விடை.

1697-இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. நியூட்டனும் ஹேலியும் நண்பர்களாயினர். முதுமையில் தம்மிடம் ஐயம் கேட்டு வந்தோரை நியூட்டன், தம்மினும் நன்கறிந்தவர் என்று கூறி டி மாய்வரிடம் அனுப்பியதாகவும் சொல்லப்படுகிறது. இத்தனை புகழ் இருந்தும் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியப் பதவி அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. அயல்நாட்டார் என்பதே தடையாயிற்று. அறிவைப் போற்றியவர்கள் அவ்வறிஞரின் சோற்றுக்கு வழி செய்யாதது நமக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது. தூய மார்ட்டின் தெருவிலிருந்த ஸ்லாட்டர் காப்பிக்கடையில் அமர்ந்து, ஆட்டக்காரரும் ஆண்டுத்தொகை வணிகரும் கொண்டுவரும் கணக்குகளுக்கு விடை கூறிக் கிடைக்கும் சிறு கூலியும் அவர் வருவாயில் ஒரு பகுதி.

அக்கணக்குகளே நூலாக விளைந்தன. 1711-இல் இலத்தீன் மொழியில் 26 கணக்குகள் அடங்கிய கட்டுரை வெளிவந்தது. 1718-இல் அதனை ஐம்பதுக்கு மேற்பட்ட கணக்குகளாக விரித்து, வாய்ப்புகளின் கோட்பாடு எனப் பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்டு நியூட்டனுக்கு உரிமையாக்கினார். அறிஞர் மொழியை விட்டு, தம் தாய்மொழியும் அல்லாத மக்கள் மொழியில் எழுதியது, கற்பிப்பவரின் செயல்.

ஏழு வியசனங்களுள் முதலாவதாக வைத்து விலக்கப்பட்ட சூதைப் பற்றிய நூலுக்கு இவ்விதழில் என்ன வேலை என்று சில பெரியோர் வினவக்கூடும். நற்பேறு என ஒன்று தமக்குத் துணை நிற்கிறது என்னும் மூடநம்பிக்கையைக் களைவதற்குத் தம் கோட்பாடு உதவும் என்பதே முன்னுரையில் டி மாய்வர் கூறும் கருத்து. கணக்கைப் பார்த்தால் அது விளங்கும்.

ஒரு பகடையை இருமுறை உருட்டினால் ஒருமுறையேனும் ஒன்று விழுவதற்கான நிகழ்தகவு என்ன? ஒரு முறைக்கு ஆறில் ஒன்று, இரு முறைக்கு ஆறில் இரண்டு, அதாவது 36-இல் 12 என்று உடனே கூறாத மாணவரை வகுப்பறையில் நாம் கண்டது அரிது. டி மாய்வர் விழாத வழிகளை எண்ணுகிறார். ஒவ்வொரு முறையும் ஒன்று தவிர்த்த ஐந்து முகங்கள். ஆகவே இருமுறையும் தவறும் வழிகள் 25. மொத்தம் 36-இல் எஞ்சுவன 11. இருமுறையும் ஒன்றே விழும் ஒரு வழியை இரட்டித்து எண்ணியதே பன்னிரண்டு என்னும் பிழைக்குக் காரணம்.

மற்றொன்று, 1710-ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பரிசுச்சீட்டு. அதில் பரிசுள்ள சீட்டு ஒன்றுக்குப் பரிசில்லாச் சீட்டுகள் 39. பரிசு விழுவதும் விழாததும் சமமாக இருக்க எத்தனை சீட்டு வாங்க வேண்டும்? நாற்பதில் பாதி இருபது என்று தோன்றும். அவர் தரும் எளிய விதி, 39-ஐ 0.7-ஆல் பெருக்குக என்பது. 27.3 வரும், ஆகவே 28 சீட்டுகள் வேண்டும். நாற்பதில் முப்பத்தொன்பது என்னும் பின்னத்தைத் தன்னாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள். 27 முறையில் அரைக்குச் சற்று மேலும், 28 முறையில் அரைக்குச் சற்றுக் கீழும் வரும். சீட்டு வாங்குவோர் இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில்தான் ஏமாறினர்.

சேர்மானங்களை எண்ணும் கலை டி மாய்வர்க்கு மிக முற்பட்டது. அமோகவர்ஷ மன்னர் காலத்தில், ஏறத்தாழ 850-இல், நம் மகாவீராசாரியர் இயற்றிய கணித சார சங்கிரகத்தில் பல பொருள்களுள் சிலவற்றைத் தேரும் வழிகளின் எண்ணிக்கைக்குப் பொதுவிதி உண்டு. அவ்வெண்களே ஈருறுப்புப் பரவலின் கெழுக்களாக அமைவன. நாணயத்தை 3600 முறை சுண்டினால் இவ்வெண்கள் கையால் கணக்கிட இயலாத அளவு பெருகிவிடும். இங்கேதான் டி மாய்வரின் பெருஞ்சாதனை நிகழ்ந்தது.

1733 நவம்பரில் சில பக்கங்களே கொண்ட இலத்தீன் துண்டுநூல் ஒன்றை அச்சிட்டு நண்பர்களுக்கு வழங்கினார். சுண்டல்கள் மிகும்போது அவ்வெண்கள் மணி வடிவ வளைகோடு ஒன்றை நெருங்குகின்றன என்று அதில் காட்டினார். அதற்கு வேண்டிய ஒரு மாறிலியைக் கண்டறிந்தவர் ஸ்டர்லிங் என்பதையும் மறைக்காமல் எழுதினார். சுண்டல்களின் வர்க்கமூலத்தில் பாதியே விலகலின் அளவுகோல். 3600-இன் வர்க்கமூலம் 60, அதில் பாதி 30. ஆகவே தலை விழும் எண்ணிக்கை 1770-க்கும் 1830-க்கும் இடையே அமைவதற்கு நூற்றுக்கு ஏறக்குறைய 68 வாய்ப்பு. இன்றைய நூல்கள் திட்ட விலக்கம் என்று கூறுவது இம்முப்பதைத்தான். நூறு சுண்டலில் அது ஐந்து. சுண்டல்கள் முப்பத்தாறு மடங்காகியும் விலகல் ஆறு மடங்கே ஆவதைக் காண்க.

1725-இல் ஆண்டுத்தொகை பற்றிய நூலையும் வெளியிட்டார். பிரெசுலா நகரத்து இறப்புக் குறிப்புகளைக் கொண்டு ஹேலி 1693-இல் வகுத்த அட்டவணையை ஆராய்ந்து, 86 வயதை எல்லையாகக் கொண்டு, ஆண்டுதோறும் சம எண்ணிக்கையினர் மறைவதாக எளிமைப்படுத்தினார். ஐம்பது வயதினர்க்கு எஞ்சிய எல்லை 36 ஆண்டு; எதிர்பார்ப்பு அதில் பாதியாகிய 18. சீரான பரவலின் சராசரியைக் காணும் பயிற்சிக் கணக்கு இதுவே. தோராயம்தான், எனினும் விதவையரும் முதியோரும் தொகை பேசி ஏமாறிய அந்நாளில், ஒரு தாளில் முடியும் கணக்கு பெரும் உதவி.

திருமணம் செய்துகொள்ளவில்லை. எண்பது வயதைக் கடந்தும் பிழைப்புக்காகப் பாடம் சொன்னார். நாள்தோறும் உறக்கம் கால்மணி நேரம் மிகுவதைக் கண்டு, அது 24 மணியை எட்டும் நாளைக் கணக்கிட்டு அந்நாளிலேயே மறைந்தார் என்று ஒரு கதை சொல்வர். இறுதி நாள்களில் நெடுநேரம் உறங்கியது உண்மை. கால்மணிக் கணக்கு பிறர் சேர்த்த சுவை என்றே கருதுகின்றோம்.

1754-இல் பாரிசு அறிவியல் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அடைத்து வைத்த நகரிலிருந்து அழைப்பு வர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டே நவம்பர் 27-இல் இலண்டனில் காலமானார். நூலின் மூன்றாம் பதிப்பு 1756-இல் வெளிவந்தது. அவர் கண்ட வளைகோடு காவுஸ் பெயரால் வழங்கிற்று. 1733-ஆம் ஆண்டின் அத்துண்டுநூலை 1924-இல் கார்ல் பியர்சன் எடுத்துக்காட்டிய பின்னரே முதலில் கண்டவர் இவரென்பது பரவலாக அறியப்பட்டது.