எலும்புக் குகையைத் தோண்டிய புரூஸ் பூட்

சென்னைக்கு அருகே உள்ளது பல்லாவரம். 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி அங்கே ஒரு சரளைக் குழியில் ஒரு கல் அகப்பட்டது. அது சாதாரணக் கல் அல்ல. ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரி!

அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் பூட். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகம் அறிந்துகொண்டது அவரால்தான்.

தமிழ்ப் புலவரின் மருமகன்

பூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 24-வது வயதில் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்ட பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தார்.

பாறைகளை ஆராய்வது அவருடைய உத்தியோகம். பழங்கால மனிதனைத் தேடுவதோ அவருடைய ஆசை. சம்பளம் உத்தியோகத்துக்குத்தான். ஆசைக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அதற்கும் ஒரு காலம் வந்தது.

கவர்னருக்கு வந்த யோசனை

கர்நூல் பகுதியில் பில்லசுர்கம் என்ற குகைகள் உண்டு. அன்று அது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. இன்று ஆந்திராவில் இருக்கிறது. அங்கே மிருக எலும்புகள் புதைந்து கிடப்பதாக நியூபோல்டு என்ற ராணுவ அதிகாரி 1844-ம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தார். பிறகு 40 ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இங்கிலாந்தில் இருந்த ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானி, அந்தக் குகைகளைச் சோதிக்க வேண்டும் என்று சென்னை கவர்னர் கிராண்ட் டப்புக்கு யோசனை கூறினார். கவர்னர் இணங்கினார். சர்க்கார் ஏற்பாட்டில் 1884-ம் ஆண்டு வேலை தொடங்கியது.

பூட் குகைகளைப் பார்வையிட்டார். ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த அவருடைய மகன் ஹென்றி, தோண்டும் வேலையை நடத்தினார். தகப்பன் தொடங்கியதை மகன் தொடர்ந்தார்!

மண்ணை அடுக்கடுக்காக எடுத்தார்கள். எலும்புகளும் பற்களும் குவிந்தன. ஒரு குகைக்கு எலும்பு வீடு என்றே பெயர் வைத்தார்கள். லிடெக்கர் என்ற நிபுணர் எலும்புகளை ஆராய்ந்து 1886-ல் முடிவுகளை வெளியிட்டார். காண்டாமிருக எலும்பும் அதில் இருந்தது. இப்போது கர்நூலில் காண்டாமிருகம் ஏது?

வயது என்ன?

எந்த மிருகம் என்று தெரிந்துவிட்டது. அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது? அந்தக் கேள்விக்கு மட்டும் விடை இல்லை. தோண்டுவதற்குப் பணம் கிடைத்தது. வயதைக் கணக்கிடும் வழியோ, எவ்வளவு பணம் கொடுத்தாலும் அன்று கிடைக்காது. அப்படி ஒரு முறை அப்போது உலகத்திலேயே இல்லை.

பூட் மனம் தளரவில்லை. எந்தப் பொருள் எங்கே கிடைத்தது என்று ஒழுங்காக எழுதிவைத்தார். 1891-ல் ஓய்வு பெற்றார். பின்னர் ஏற்காட்டில் வாழ்ந்தார். தாம் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-ல் சென்னை மியூசியத்துக்கு விற்றார். 1912-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கல்கத்தாவில் காலமானார். அவருடைய நினைவுச் சின்னம் ஏற்காட்டு மாதா கோயிலில் இருக்கிறது.

130 ஆண்டுகளுக்குப் பிறகு

பூட் கேட்ட கேள்விக்கு 2014-ல் விடை வந்தது. அதே பில்லசுர்கம் குகைகளை விஞ்ஞானிகள் மீண்டும் ஆராய்ந்தார்கள். எலும்புகள் கிடந்த மண் அடுக்குகளின் காலத்தைக் கணக்கிட்டார்கள். சில மிருகங்கள் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவை என்று தெரிந்தது.

இன்னொரு அதிசயமும் வெளிப்பட்டது. அங்கே அடையாளம் கண்ட 21 வகைப் பாலூட்டிகளில் 20 வகை, குறைந்தது ஒரு லட்சம் ஆண்டுகளாக அழியாமல் இன்றும் இந்த நாட்டில் இருக்கின்றன! மற்றக் கண்டங்களில் எத்தனையோ பெரிய மிருகங்கள் பூண்டோடு அழிந்த காலம் அது.

குகையைத் தோண்டியவருக்கு விடை தெரியாது. ஆனால், அவர் எழுதிவைத்த குறிப்புதான் பின்னால் வந்தவர்களுக்கு வழி காட்டியது. உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ கிணற்று மண்ணிலோ பழைய எலும்போ, செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து மியூசியத்துக்குத் தெரிவியுங்கள். அதன் வயதைச் சொல்ல ஒருவர் பின்னால் வருவார்.