அழையாது வந்த தொண்டர்: ஹென்றி டுனாண்ட் வரலாறு

ஊதியம் இல்லை, ஆணையிடுவார் இல்லை, உறவென்று சொல்லவும் எவரும் இல்லை. எனினும் போர் நிகழ்ந்த களங்களிலும், வெள்ளம் புகுந்த ஊர்களிலும், கொள்ளைநோய் பரவிய தெருக்களிலும் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் தூக்கிச் செல்வதற்குச் சிலர் தாமாகவே வந்து நிற்கின்றனர். இவர்கள் ஏன் வருகின்றனர்? பிறவிக்குணம் என்பர் சிலர். சமயப்பற்று என்பர் வேறு சிலர். புகழாசை என்று ஐயுறுவாரும் உளர். இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவார்க்குச் செஞ்சிலுவை இயக்கத்தின் மூலவராகிய ஹென்றி டுனாண்டின் வரலாறு பெரிதும் உதவும் என எண்ணுகின்றோம். அவர் பெயரை அறியாதார் மிகச் சிலர். ஆயின், அவர் தொண்டு செய்யவென்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவரல்லர் என்பதை அறிந்தாரும் சிலரே.

டுனாண்ட் 1828 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி சுவிற்சர்லாந்திலுள்ள ஜெனீவா நகரிலே, வசதியும் சமயப்பற்றும் மிக்க குடும்பத்திற் பிறந்தார். ஏழைகளுக்கு உதவுவதைத் தம் கடமையாகக் கொண்ட பெற்றோரிடம் வளர்ந்தமையால், இளமையிலேயே சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் காணும் வழக்கம் அவரிடம் ஏற்பட்டது. கல்லூரிப் படிப்பில் மட்டும் அவர் சிறக்கவில்லை. போதிய புள்ளிகளைப் பெறாமையால் 1849 இற் கல்லூரியை விட்டு நீங்கி, வங்கித் தொழில் பயிலப் புகுந்தார். தவணைப் பரீட்சையின் புள்ளிப் பட்டியலைக் கண்டு நடுங்கிய பழைய மாணவர் எவரும் இச்செய்தியால் ஆறுதல் கொள்ளலாம்.

1853 இல் அலுவல் நிமித்தம் அல்ஜீரியா சென்ற அவர், பின்னர் அங்கே தாமே மாவாலைத் தொழிலொன்றைத் தொடங்கினார். ஆலைக்கு வேண்டிய நிலவுரிமையும் நீருரிமையும் எளிதிற் கிடைக்கவில்லை. அந்நாடு அக்காலத்திற் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்குள்ள அதிகாரிகள் காலம் கடத்தினர். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனையே நேரிற் கண்டு முறையிடுவதெனத் துணிந்தார் டுனாண்ட். பேரரசரோ அவ்வேளை இத்தாலியின் வடபகுதியாகிய லொம்பார்டியிலே, ஒஸ்திரியாவுக்கு எதிராகப் படை நடத்திக்கொண்டிருந்தார். பேரரசரைத் தேடி அங்குச் சென்ற டுனாண்ட், தம் வாணிகத்துக்கு வழி தேடிய முப்பத்தொரு வயது வணிகர். வைத்தியரல்லர், போர்வீரரல்லர், துறவியுமல்லர்.

1859 ஆம் ஆண்டு யூன் மாதம் 24 ஆந் திகதி சொல்பரீனோ என்னுமிடத்திற் பெரும்போர் மூண்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் வீரர் இருபுறமும் நின்று பொருத அப்போரில், ஒரே நாளில் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தோர் தொகை 40,000 அளவினதென்பர். காயமுற்றோர் அயலூராகிய கஸ்திலியோனேக்கு வண்டிகளில் வந்து குவிந்தனர். வீடுகளும் தேவாலயங்களும் முற்றங்களும் வீதிகளும் அவர்களால் நிறைந்தன. பெரிய தேவாலயம் ஒன்றினுள்ளே மட்டும் ஐந்நூறு பேர் வைக்கோலின்மேற் கிடந்தனர். ஊரிலே தண்ணீர் இருந்தது. ஆயினும் வீரர் தாகத்தால் மாண்டனர். உணவு இருந்தது, ஆயினும் பசியால் வாடினர். கட்டுத்துணியும் இருந்தது, கட்டுவதற்குத்தான் கைகள் போதவில்லை. டுனாண்ட் பின்னர் எழுதிய நூலில் அழுத்திக் கூறும் உண்மை இதுவே.

அந்தத் தேவாலயத்தினுள் நுழைந்த வணிகர், தாம் வந்த அலுவலை ஒதுக்கி வைத்துவிட்டுப் புண்களைக் கழுவத் தொடங்கினார். ஊர்ப்பெண்கள் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சுக்காரன், ஒஸ்திரியன், இத்தாலியன் என்ற வேற்றுமை பாராது யாவர்க்கும் தண்ணீர் கொடுத்தனர். சிறுவர்கள் நீரூற்றுக்கும் தேவாலயத்துக்குமாக வாளிகளுடன் ஓடினர். டுனாண்ட் தம் வண்டிச் சாரதியைப் பிறேசியா நகருக்கு அனுப்பித் தோடம்பழம், எலுமிச்சம்பழம், சீனி, சட்டை, கடற்பஞ்சு, குண்டூசி, சுருட்டு முதலியவற்றை வாங்குவித்தார்.

அங்கு வந்து சேர்ந்த ஏனையோர் யாவர் என நோக்கின் வியப்புண்டாகும். முதிய கடற்படை அதிகாரி ஒருவர், இத்தாலியப் பாதிரியார் ஒருவர், பாரிசுப் பத்திரிகையாளர் ஒருவர், வழிப்போக்கர் சிலர் ஆகியோர் அவர்கள். நொசத்தெல் நகர வணிகர் ஒருவர் இரண்டு நாட்கள் அங்கேயே தங்கிப் புண்களுக்குக் கட்டுப் போட்டதோடு, இறக்குந் தறுவாயிலிருந்தோர் சொல்லச் சொல்ல அவர்தம் குடும்பத்தாருக்குக் கடிதங்களும் எழுதினார். ஆங்கிலேயர் இருவர் வேடிக்கை பார்க்கவே உள்ளே வந்தவர். அவர்களை ஏறக்குறைய வலிந்து பிடித்து வைத்தே வேலை வாங்க நேர்ந்தது. வேறு ஆங்கிலேயர் இருவரோ தொடக்கத்திலேயே உதவ விரும்பிச் சுருட்டுகளைப் பகிர்ந்தளித்தனர். வந்தோருட் சிலர் அக்காட்சியைத் தாங்கமாட்டாது ஒருவர் பின் ஒருவராக விலகியும் போயினர்.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. அத்தேவாலயத்திற் கூடியோர் ஒரே குணத்தினரல்லர், ஒரே நோக்கத்தினருமல்லர். இரக்கத்தால் வந்தாரும் இருந்தனர்; தற்செயலாய் வந்தாரும் வேடிக்கை பார்க்க வந்தாரும் இருந்தனர். துன்பத்துக்கு மிக அண்மையில் வந்து நின்றமையும், அங்கே தம் கையாற் செய்யத்தக்க சிறு வேலையொன்று இருக்கக் கண்டமையுமே அவர்களுக்குப் பொதுவானவை. தொலைவிலிருந்து நாற்பதினாயிரம் என்று கேட்டவர் பெருமூச்செறிந்து தம் வழியே போவர். அருகில் நின்று ஒருவன் தண்ணீர் கேட்பதைக் கேட்டவர் செம்பை எடுப்பர். எடுத்தபின் அடுத்தவனுக்கும் கொடாது செல்வது அரிதாகும்.

ஆயின் இரக்கம் ஒருவரை வாயில்வரை கொண்டுவரும். மூன்றாம் நாளும் அவரை அங்கே நிறுத்திவைக்க அதுமட்டும் போதாது. விலகிப் போனவர்கள் கொடியவர்களல்லர். பயிற்சியும் துணையும் இல்லாதவர்கள். டுனாண்ட் இதனை நன்கு உணர்ந்தார். ஊர் திரும்பிய அவர், சொல்பரீனோ நினைவுகளை நூலாக எழுதி, 1862 இல் தம் செலவில் 1,600 படிகள் அச்சிட்டு ஐரோப்பிய அரசர்க்கும் அறிஞர்க்கும் அனுப்பினார். போரில்லாக் காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர் சங்கங்களை அமைத்துப் பயிற்றுவித்தல் வேண்டும் என்பதும், காயமுற்றோரையும் அவர்களைப் பேணுவோரையும் எப்படையும் தாக்காதிருக்க நாடுகள் உடன்படுதல் வேண்டும் என்பதும் அந்நூலின் வேண்டுகோள்கள்.

ஜெனீவாவில் வழக்கறிஞர் குஸ்தாவ் முவானியே, தளபதி டூபூர், வைத்தியர்களான அப்பியா, மோன்வார் ஆகிய நால்வரும் டுனாண்டும் கூடிய ஐவர் குழு 1863 பெப்ரவரியில் முதன்முறை சந்தித்தது. அதுவே பின்னர் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவாயிற்று. 1864 ஓகஸ்ற் 22 இற் பன்னிரண்டு நாடுகள் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. எதிர்ப்பும் இல்லாமலில்லை. தாதியர் தொழிலுக்குப் புகழ் தேடித்தந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரே, காயமுற்ற வீரரைப் பேணுவது அரசுகளின் கடன் என்றும், தொண்டர்கள் அதனை ஏற்பின் அரசுகள் தம் பொறுப்பினின்றும் நழுவிவிடும் என்றும் கருதினார். அவ்வெச்சரிக்கை இன்றும் எண்ணத்தக்கது. ஆயினும் அரசு வரும்வரை காயமுற்றவன் காத்திருக்க மாட்டான் என்பதே கஸ்திலியோனே கற்பித்த பாடம்.

உலகத்தார் புண்ணுக்குக் கட்டுப் போட வழிவகுத்தவரின் சொந்த வாழ்வு இதற்குள் சிதைந்தது. கவனிப்பாரற்ற அல்ஜீரியத் தொழில் நொடித்தது. 1867 இல் அவர் கடனாளியானார். அத்தொழிலிற் பணமிட்டோர் பலரும் நட்டமடைந்தனர். அடுத்த ஆண்டு ஜெனீவா வணிக நீதிமன்றம் அவர்மீது குற்றங் கண்டது. தாம் தோற்றுவித்த குழுவிலிருந்தே அவர் நீங்க நேர்ந்தது. முவானியேயுடன் கொண்ட பகை ஈற்றுவரை தீரவில்லை. பிறந்த நகரை விட்டு அகன்ற அவர், வறுமை மிக்க நாட்களில் மங்கிய மேற்சட்டையை மையாற் கறுப்பாக்கியும், கழுத்துப்பட்டியைச் சுண்ணக்கட்டியால் வெளுப்பாக்கியும் அணிந்தார். அந்நிலையிலும், 1870 இல் பிரான்சுக்கும் யேர்மனிக்கும் போர் மூண்டபோது பாரிசு நகரிலே துயர் துடைக்கும் பணியில் ஈடுபட்டார்.

1887 இல் அப்பென்செல் மலைநாட்டிலுள்ள ஹைடன் என்னுஞ் சிற்றூரை அடைந்தார். 1892 முதல் அவ்வூர் வைத்தியசாலையின் ஓர் அறையே அவர் உறைவிடம். உலகம் அவரை இறந்தவராகவே எண்ணியிருந்தது. 1895 இற் பத்திரிகையாளர் ஒருவர் அவரைக் கண்டு எழுதிய கட்டுரையால் மறந்தவர்கள் நினைவுகூர்ந்தனர். 1901 இல் முதன்முதல் வழங்கப்பட்ட அமைதிக்கான நோபல் பரிசு, பிரெடெரிக் பசி என்பாருக்கும் அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் தம் சுகத்துக்குச் செலவிடவில்லை. 1910 ஒக்ரோபர் 30 இல் அவர் காலமானார். முவானியே அதே ஆண்டு ஓகஸ்ற்றிலேயே மறைந்திருந்தார். டுனாண்டின் விருப்பப்படி சடங்கேதுமின்றிச் சூரிச் நகரில் இறுதிக்கடன் நிகழ்ந்தது. ஹைடன் வைத்தியசாலையில் ஏழை ஒருவருக்கென என்றும் இலவசப் படுக்கையொன்று இருத்தல் வேண்டுமென மரணசாசனத்தில் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு மனிதனுக்கு ஒரு படுக்கை என்பதே அவர்தம் ஈற்றுக் கொடையாயிற்று. தேவாலய வைக்கோலின்மேற் கிடந்தவர்களை அவர் மறந்தாரல்லர் போலும்.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1990 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் வந்து, அதனைச் சூழ்ந்த பகுதி பாதுகாப்பு வலயமாயிற்று. காயமுற்றோர் கிடக்கும் இடத்தை எவரும் தாக்கலாகாது என்னும் எண்ணம், கஸ்திலியோனேத் தேவாலயத்திலிருந்து நம் ஆஸ்பத்திரி வீதிவரை நடந்து வந்தது. 2009 இன் முற்பகுதியிற் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரும் நோயாளரும் ஆயிரக்கணக்கிற் கப்பலேற்றப்பட்டபோதும் அச்சின்னமே கடலிற் சென்றது. அச்சின்னத்தை எல்லாரும் எப்போதும் மதித்தாரல்லர் என்பதையும் நம் மக்கள் அறிவர். அக்காலத்தில் அக்குழுவின் பணியாளர் சிலரும் உயிரிழந்தனர்.

கல்லூரியிற் சாரணராயும் முதலுதவிப் படையினராயும் நின்று கட்டுப் போடக் கற்ற பழைய மாணவர் நம்முட் பலர் உளர். முக்கோணத் துணியை மடிக்க ஆசிரியர் கற்பித்தபோது விளையாட்டெனவே எண்ணியிருப்போம். அது விளையாட்டன்று. துன்பம் நம் வாயிலுக்கு வரும் நாளை நாம் தெரிந்தெடுப்பதில்லை. அன்று நம் கை பழகியிருக்குமா என்பதே நம் வசத்தில் உள்ளது. பெருங்குணம் வாய்த்த பின்னரே தொண்டு செய்வோம் எனக் காத்திருத்தல் வேண்டா. நீருரிமை தேடிச் சென்ற வணிகர் ஒருவர் தாகமுற்றவனுக்கு நீர் கொடுத்த செயலிலிருந்தே இவ்வளவும் விளைந்தது. நாமும் அருகிற் செல்வோம்; செல்லுமுன் கற்றுக்கொள்வோம்.