டயமண்ட் ஜென்னஸ்

வடதுருவத்துப் பழங்குடிகளின் வரலாற்றை ஆய்ந்தோருள் டயமண்ட் ஜென்னஸ் என்னும் பேரறிஞரை நாம் முதற்கண் வைத்தெண்ணுகின்றோம். (டயமண்ட் எனின் வைரம், பெயரிட்டோர் வாழ்க!) 1886ஆம் ஆண்டு நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிற் பிறந்து ஆக்ஸ்போர்டிற் பயின்ற இவர், 1913இல் கனடாவின் வடகோடிக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவிற் சேர்ந்து, இனுவிட் மக்கள் நடுவே வாழ்ந்து அவர்தம் வாழ்க்கை முறையை நேரிற் கண்டறிந்தனர்.

பின்னர் ஒட்டாவாப் பொருட்காட்சிச்சாலையிற் பணியாற்றுங்கால், பாபின் தீவையடுத்த டார்செட் முனையிற் கிடைத்த எலும்பு, தந்தம், கல் இவற்றாலாய கருவிகள் இவர்பால் வந்தன. பிறராயின் யாவும் ஒரே மக்களுடையன என்றிருப்பர். இவரோ துளைகளை நோக்கினர். சில எறியீட்டி முனைகளின் துளைகள் வட்டமாயிராது, குடைந்தெடுக்கப்பட்டு நீண்டிருந்தன, நிறமுங் கருத்திருந்தது. இனுவிட்டின் முன்னோராகிய தூலே மக்களோ வில்லாற் சுழற்றுந் துரப்பணங்கொண்டு வட்டமாய்த் துளையிடுவோர். ஆதலின் அவர்க்கும் முற்பட்ட வேறொரு மக்கள் ஆங்கு வாழ்ந்தனரென 1925இல் துணிந்தெழுதினர். அவ்விடத்தை அகழாமலே, வந்து சேர்ந்த பொருள்களைக்கொண்டு ஓரினத்தையே நாட்டுதல் எளிதோ? தூலே மக்களை அகழ்ந்து கண்ட டென்மார்க்கு அறிஞர் மாத்தியாசன் ஒப்பவில்லை. பிற்கால அகழ்வுகளோ ஜென்னஸ் கூற்றையே நிலைநாட்டின. 1969இல் இவர் காலஞ்சென்றனர். டார்செட் மக்கள் இனுவிட்டின் வேறாயவரே என்பதை 2014இல் வெளியான மரபணு ஆராய்ச்சியும் காட்டிற்று.