மூட்டுக்கு மறுவாழ்வளித்த ஜான் சார்ன்லி

இடுப்பு மூட்டுத் தேய்ந்து, தரையில் அமர்ந்து தொழவும் இயலாமல் முடங்கிய முதியோரை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம் கண்டிருக்கிறோம். இன்று அத்தகையோர் செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்டு நடமாடுவதையும் காண்கிறோம். இந்நிலைக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவர், ஆங்கிலேய எலும்பு மருத்துவ மேதை சர் ஜான் சார்ன்லி.

1911ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பரி நகரில் பிறந்த சார்ன்லி, மான்செஸ்டரில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராகத் தொண்டாற்றினார். பின்னர் ரைட்டிங்டன் மருத்துவமனையில், எஃகுத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டை உருவாக்கினார். தோசைக்கல்லின் ஒட்டாப் பூச்சாக நாம் அறிந்த டெஃப்லானையே முதலில் கிண்ணத்துக்குத் தேர்ந்தார். முடங்கிக் கிடந்தோர் நடந்தனர், புகழும் வந்தது. ஆயின், சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்களால் சுற்றியிருந்த எலும்பு அரிக்கப்பட்டது.

சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லான் துகளைத் தம் தொடையிலேயே செலுத்தி, அங்குக் கட்டி எழுவதைக் கண்டார். பாதிக்கப்பட்டோருக்குத் தாமே மறு அறுவையும் செய்தார். 1962இல், தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் மிகக் குறைவாகவே தேய்வதைச் சோதித்தறிந்து, அதனை ஏற்றார். பல் மருத்துவர்கள் கையாண்டுவந்த அக்ரிலிக் பொருளைக் கொண்டு மூட்டை எலும்போடு இறுகப் பொருத்தினார்.

அடுத்த பகை நுண்ணுயிர். அயற்பொருளின் மேல் அது படலமாகப் படிந்துவிட்டால் மருந்துக்கு எளிதில் அடங்காது. எனவே தூய காற்று பாயும் கூண்டினுள், உடல் முழுதும் மூடிய ஆடையுடன் அறுவை செய்தார். நூற்றுக்கு ஏழளவில் இருந்த தொற்று ஒன்றுக்கும் கீழிறங்கியது.

1974இல் லாஸ்கர் விருதும் 1977இல் சர் பட்டமும் பெற்ற அப்பெருமகன் 1982இல் மறைந்தார். அவர் எதிர்கொண்ட இரு சிக்கல்களும் இன்றும் ஆய்வாளர் முன் நிற்கின்றன. பீக் என்னும் பாலிமர் உறுதியானது. எனினும் எலும்பு அதனோடு எளிதில் ஒட்டாது. ஆதலால் அதன்மேல் டைட்டானியத்தையோ, எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டையோ மெல்லிய பூச்சாக இடுகின்றனர்; நுண்ணுயிரைத் தடுக்க வெள்ளியையும் சேர்த்து ஆராய்கின்றனர். கிருமியைக் கொல்லும் வெள்ளி அளவு மிகுந்தால் எலும்புச் செல்லுக்கும் தீங்காகும். அந்த அளவைக் கண்டறிவதே இத்துறையின் அரும்பணி.

மாணவச் செல்வங்களே! பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மையே அறிவின் முதற்படி. சார்ன்லியின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.