பங்கு கேட்கத் துணை நின்ற பெருமகன்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் சரம் பின்னும் கரங்களுக்குப் பெரும்பாலும் உருப்படிக் கணக்கில்தான் கூலி. மழை வந்து வேலை நின்றால் கூலியும் நிற்கும். பட்டாசு விற்று வரும் பணத்தில் உழைத்தவருக்கு எவ்வளவு, முதல் போட்டவருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது எது? விடை தேடுவோர் வ.உ. சிதம்பரனாரின் வாழ்வைப் புரட்டிப் பார்க்கட்டும் என்போம்.

1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வழக்கறிஞர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கம்பெனியை எதிர்த்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். அதை நாடறியும். ஆலைத் தொழிலாளருக்கு அவர் ஆற்றிய தொண்டை அந்த அளவுக்கு நாடு அறியவில்லையே!

தூத்துக்குடியில் வெள்ளையர் நடத்திய கோரல் ஆலையில் கூலி சொற்பம். வேலை நேரமோ நீளம். வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரி 27இல் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். பட்டினி வந்தால் உறுதி உடையும் என்பதைச் சிதம்பரனார் அறிந்திருந்தார். ஊராரிடம் பொருள் திரட்டி உணவளித்தார். பலருக்கு வேறு வேலையும் தேடித் தந்தார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

அந்த ஒன்பது நாளில் ஆலையின் எந்திரம் மாறிவிட்டதா? நூலின் விலை ஏறிவிட்டதா? இல்லை. வாசலில் காத்திருக்கும் வலிமை தொழிலாளிக்கு வந்தது, அவ்வளவே!

ஆட்சியாளர் பொறுப்பார்களா? மார்ச் 12இல் அவரைக் கைது செய்தனர். ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். நெல்லை கொதித்தது, துப்பாக்கிக்கு உயிர்கள் பலியாயின. நாற்பதாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. வறுமையில் வாடி, 1936 நவம்பர் 18இல் மறைந்தார்.

இன்றைய நிலை என்ன? இந்தியாவின் பதிவு பெற்ற ஆலைகளில் உருவாகும் நிகர மதிப்பில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு. 2000களின் இறுதியில் அது 10 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. உற்பத்தி பெருகியது, பங்கு சிறுத்தது! எந்திரம் ஒரு காரணம். ஒப்பந்தக் கூலிமுறையும், சங்கம் தளர்ந்ததும் மற்றக் காரணங்கள்.

விஸ்வநத்தத்தைச் சுற்றியுள்ளது வானம் பார்த்த கரிசல். வேறு வேலை அரிது. முன்பணம் வாங்கியவர் பேரம் பேச முடியுமா? உள்குத்தகையில் சிதறிக் கிடப்போர் ஒன்றுகூடுவதும் எளிதா?

ஆகவே, வேலையில்லா நாளில் உதவி, கடனில்லாக் கூலி, அச்சமின்றிச் சேரச் சங்கம் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறோம். சிதம்பரனாருக்குச் சிலை எழுப்பியோர் இதையும் செய்யட்டும். அவருக்கு அதுவே தக்க நன்றி!