எண்பது வயது மாணவர்

இயற்பியலுக்கான நோபல் பரிசை 1983ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்ட அறிஞர் ஒருவர், எண்பதை ஒட்டிய வயதில் நியூட்டனின் பிரின்சிபியாவைக் கையில் எடுத்தார். 1687இல் வெளிவந்த அந்நூலில்தான் மூன்று இயக்க விதிகளும் ஒருங்கே இடம்பெற்றன. அவர் அதனைப் படித்த முறை தனித்தன்மை உடையது. தேற்றத்தை மட்டும் படித்துவிட்டு, அதற்குரிய நிறுவலைத் தாமே எழுதிப் பார்ப்பார். அதன் பின்னரே நியூட்டனின் நிறுவலோடு ஒப்பிடுவார். அம்முதிய மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தஞ்சை மண்ணில் வேர்கொண்ட குடும்பத்தில், 1910 அக்டோபர் 19 அன்று இலாகூரில் அவர் பிறந்தார். சர் சி.வி. இராமன் அவருடைய சிற்றப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930இல் மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். அப்பயணத்தின்போதே, வெண்குறுமீன் ஒன்றின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கணக்கிட்டறிந்தார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 சனவரியில் இலண்டனில் நடைபெற்ற வானியல் கழகக் கூட்டத்தில், புகழ்பெற்ற எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அது பெரும் அடி. ஆயினும், அவர் தம் முடிவைக் கைவிடவில்லை. 1939இல் அதனை ஒரு நூலாக எழுதி நிலைநிறுத்தியபின், விண்மீன்களின் இயக்கத்தை ஆராயத் தொடங்கினார்.

விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் ஒரு விண்மீன், எதன்மீதும் மோதாமலேயே வேகம் இழக்கிறது. சுற்றியுள்ளவற்றின் ஈர்ப்பே அதனைப் பின்னிழுக்கிறது. 1943இல் அவர் விளக்கிய இந்நிகழ்வு 'இயங்கியல் உராய்வு' எனப்படுகிறது.

வேகம் கூடுவதும் குறைவதும் மட்டுமே முடுக்கம் அன்று. திசை மாறுவதும் முடுக்கமே. மாணவர் பலர் தடுமாறும் இடம் இது. பிரின்சிபியாவின் மூன்றாம் பகுதியில் இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு. அதனைப் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்பில் நின்றே எண்ணிப் பார்க்கலாம். காற்றின் தடையைக் கருதாவிடில், காம்பற்ற தேங்காய் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். அடுத்த நொடியில் 14.7 மீட்டர் விழும். ஒவ்வொரு நொடியிலும் அதன் திசைவேகம் நொடிக்கு 9.8 மீட்டர் கூடுவதே காரணம். அத்தோப்பின் மேலே தெரியும் நிலவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது! புவியின் ஈர்ப்பு இல்லையெனில் அது நேர்கோட்டில் சென்றிருக்கும். அந்நேர்கோட்டிலிருந்து புவியை நோக்கி விலகுவதே அதன் வீழ்ச்சி. புவி மையத்திலிருந்து நிலவின் தொலைவு, புவியின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு. எனவே, அங்கு ஈர்ப்பு 3600இல் ஒரு பங்காகக் குறைகிறது. தேங்காய் ஒரு நொடியில் விழும் அதே 4.9 மீட்டரை நிலவு விழுந்து கடக்க ஒரு நிமிடம் ஆகிறது. தோப்பையும் வானத்தையும் ஒரே விதி ஆள்கிறது என்பதற்கு இவ்வெளிய கணக்கே சான்று.

நியூட்டன் பெரிதும் வடிவியல் வழியே நிறுவியவற்றைச் சந்திரசேகர் இக்காலக் கணித நடையில் எழுதினார். தம் நிறுவல்களைவிட நியூட்டனுடையவை சுருக்கத்திலும் அழகிலும் விஞ்சி நிற்பதைக் கண்டு வியந்தார். நோபல் பரிசு பெற்றவர் அவ்வாறு வியந்தது சிறிய செய்தியன்று. பொதுவாசகருக்கான அவரது பிரின்சிபியா விளக்கநூல் 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்று சிகாகோவில் அவர் காலமானார்.