பதினேழு வயதில் ஓர் ஆசான்

வங்க மறுமலர்ச்சியின் வரலாற்றைப் பேசுவோர் இராசாராம் மோகன்ராயிடம் தொடங்கி, வித்தியாசாகரையும் பங்கிம் சந்திரரையும் நோக்கி விரைந்து சென்றுவிடுவர். இடையே ஐந்து ஆண்டுகள் மட்டும் ஆசிரியராக இருந்து, இருபத்திரண்டாம் அகவையிலேயே மறைந்த ஹென்றி லூயி விவியன் டெரோசியோவின் பெயர் ஓரிரு வரிகளில் அடங்கிவிடும். அவ்வரிகளும் அவரைக் கவிஞர் என்றே சுட்டும். அவர்தம் பெருமை கவிதையினும் கற்பித்தலிலேயே மிகுதி என்பது என் துணிபு.

1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கொல்கத்தாவில் போர்த்துகீசியக் கலப்புடைய யூரேசியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை தர்மதலாவில் டேவிட் டிரம்மண்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில் பயின்றார். அவர் பெற்ற முறையான கல்வி அவ்வளவே. ஆயினும் அப்பள்ளி ஏனைய பள்ளிகளைப் போன்றதன்று. வெள்ளையர், யூரேசியர், வங்காளியர் ஆகியோர்தம் பிள்ளைகள் அங்கே ஒருங்கே அமர்ந்தனர். டிரம்மண்ட் தாமே கவி புனைபவர். எதனையும் வினவி ஆராயும் இயல்பினர். மாணவர் நாடகங்கள் அரங்கேறின. சிறுவன் டெரோசியோவும் வேடமிட்டு மேடையேறினான். இலக்கணமும் கணக்கும் மட்டுமே போதுமென்று அந்த ஆசிரியர் கருதியிருப்பாரேயானால், பின்னாளில் நாம் காணும் டெரோசியோ உருவாகியிருப்பாரா என்பது ஐயமே.

பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. தந்தையார் பணியாற்றிய வணிக நிறுவனத்திலேயே எழுத்தராகச் சேர்ந்தார். பேரேடுகளில் அவர் மனம் பொருந்தவில்லை. பின்னர் பாகல்பூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் அவுரித் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே கங்கையும் அதன் நடுவே எழுந்து நிற்கும் ஜங்கீராப் பாறையும் அவரைக் கவிஞராக்கின. கொல்கத்தாவின் இந்தியா கெசட் இதழுக்கு அவர் அனுப்பிய பாடல்கள் வெளிவந்தன. 1827இல் முதற்கவிதைத் தொகுதியும், 1828இல் ஜங்கீராவின் பக்கிரி என்னும் நெடுங்கவிதையும் நூல்வடிவம் பெற்றன.

இதற்கிடையே 1826இல், பதினேழே வயதில், இந்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1817இல் கொல்கத்தாவின் செல்வர்கள் தம் மைந்தர் ஆங்கிலமும் மேனாட்டு அறிவியலும் பயிலும்பொருட்டு நிறுவிய கல்லூரி அது. கல்லூரி என்று பெயரே தவிர, அவரிடம் பயின்றவர்கள் இன்றைய நம் மேல்நிலைப்பள்ளி மாணவர்தம் வயதினர். சிலர் ஆசிரியரைவிட ஓரிரு வயதே இளையவர்.

அவர் கற்பித்த முறை புதுமையானது. பாடநூலை வரிவரியாக ஒப்பிக்கச் செய்வது அவர்க்கு உடன்பாடன்று. வகுப்பு தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் மாணவர்கள் அவரைச் சூழ்ந்திருப்பர். கவிதை படித்துக் காட்டுவார். வரலாற்றிலிருந்து நீதிக்கும் உண்மைக்கும் உயிர்கொடுத்தோர் கதைகளைச் சொல்வார். கடவுள் உண்டா என்னும் வினாவில் ஹியூமின் மறுப்பைச் சொல்லும்போதே, அதற்கு ரீடும் டியூகால்ட் ஸ்டூவர்ட்டும் அளித்த விடையையும் சொல்வார். முடிவு மாணவனுடையது. இளம் உள்ளத்தின் மீது இத்துணை நம்பிக்கை வைத்த ஆசிரியர்கள் எக்காலத்திலும் சிலரே.

வகுப்பறை போதாமற் போயிற்று. 1828இல் அகாடமிக் அசோசியேஷன் என்னும் சொல்லாடல் மன்றம் தோன்றியது. மாணிக்தலாவில் ஒரு தோட்ட மாளிகையில் கூடிய அம்மன்றத்துக்கு அவரே தலைவர். ஊழும் முயற்சியும், அறம், நாட்டுப்பற்று, உருவ வழிபாடு ஆகியவை விவாதப் பொருள்களாயின. கல்வி வள்ளல் டேவிட் ஹேர் அடிக்கடி வந்து அமர்ந்து கேட்பார். 1830இல் மாணவர்கள் பார்த்தினன் என்னும் இதழொன்றைத் தொடங்கிப் பெண்கல்வி பற்றி எழுதினர். கல்லூரி நிருவாகம் அதனை உடனே தடுத்துவிட்டது. மதிப்பெண் ஏதும் தராத இம்மன்றத்தை நாடி மாணவர்கள் தாமாகவே வந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் இலக்கிய மன்றத்தை மூடிவிட்டுத் தமிழ்ப் பாடவேளையையும் கணக்குத் தேர்வுக்கு ஒதுக்கும் பள்ளிகளை நாம் அறிவோம். அங்கிருந்து வரும் மாணவர்க்குத் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில், மாணிக்தலா எனக்குச் சற்றுப் பொறாமையையே தருகின்றது.

பெற்றோர் அஞ்சினர். மந்திரம் சொல்ல மறுத்த பிள்ளைகளும், விலக்கப்பட்ட உணவை உண்டு காட்டிய பிள்ளைகளும் வீடுகளிற் கலகம் விளைத்தனர். சிலர் தம் மைந்தரைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். அந்த அச்சத்தை வெறும் மடமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. எதிர்ப்பே அறிவு என்று மயங்கிய இளைஞரும் அக்குழுவில் இருந்தனர். ஆயினும் அந்த மிகைக்கு அவர் கற்பித்த இலக்கியம் காரணமா, பதின்பருவத்தின் துடிப்பே காரணமா என்று எவரும் நின்று ஆராயவில்லை.

1831 ஏப்ரலில் இராம்கமல் சென்னின் முயற்சியால் நிருவாகக் குழு கூடியது. ஆசிரியரை அழைத்து விசாரிக்கவில்லை. அவர் இளைஞர்க்குக் கற்பிக்கத் தகுதியற்றவர் என்பதனைப் பெரும்பாலோர் ஏற்கவுமில்லை. எனினும் நகர இந்துக்களின் மனநிலையைக் கருதி அவரை விலக்குவதே தக்கது என முடிவாயிற்று. ஹேரும் வடமொழி அறிஞர் வில்சனும் அவ்வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ஏப்ரல் 25இல் டெரோசியோ பதவி விலகினார். கடவுளை மறுத்தார், பெற்றோரை மதியாதிருக்கச் சொன்னார் என்பன முதலிய பழிகளை வில்சன் எழுதிக் கேட்டபோது, இருபக்க வாதங்களையும் கற்பித்தது உண்மை என்று ஒப்பி, ஏனையவற்றை உறுதியாக மறுத்தார். பின்னர் ஈஸ்ட் இந்தியன் என்னும் நாளிதழைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் வாந்திபேதி அவரைக் கொண்டு சென்றது. பார்க் தெருவின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இளம் வங்காளம் என்று வரலாறு குறிக்கும் அம்மாணவர் கூட்டத்தின் பிற்கால வாழ்க்கையை நோக்கினால்தான் அவர் விதைத்தது எதுவென விளங்கும். இராம்கோபால் கோஷ் வணிகராகவும் நாவலராகவும் விளங்கினார். இராம்தனு லாகிரி தம் ஆசிரியரைப் போன்றே ஆசிரியரானார். கிருஷ்ணமோகன் பானர்ஜி சமய அறிஞரானார். இவர்களெல்லாம் சொல்லால் வாழ்ந்தவர்கள். இலக்கியப் பயிற்சி அவர்க்கு உதவியதில் வியப்பில்லை.

வியப்புக்குரியவர் இராதாநாத் சிக்தார். அவர் கணித மேதை. சென்னைப் பரங்கிமலையருகே 1802இல் லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி வடக்கே சென்றபோது, 1831இல் அதிற் கணக்கீட்டாளராகச் சேர்ந்தார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டுமே குறிக்கப்பட்ட மலையின் உயரத்தைப் பின்னாளில் கணக்கிட்டவர் அவரே. அது 29,002 அடி எனவும் உலகில் மிக உயர்ந்தது எனவும் 1856இல் அறிவிக்கப்பட்டபோது, சிகரத்துக்கு எவரெஸ்ட் என்னும் ஆங்கிலேயரின் பெயர் சூட்டப்பட்டது.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1854இல், அந்தக் கணக்கறிஞர் தம் கல்லூரித் தோழர் பியாரிசந்த் மித்ராவுடன் இணைந்து மாசிக் பத்திரிகா என்னும் திங்களிதழைத் தொடங்கியிருந்தார். வடமொழி மிகுந்த கடுநடையை விலக்கி, பெண்களும் எளிதிற் படித்துணரத்தக்க பேச்சு வங்காளத்தில் அது வெளிவந்தது. வங்கமொழியின் தொடக்கக்கால நாவல்களுள் ஒன்றாகிய பியாரிசந்தின் ஆலாலேர் கரேர் துலால் அவ்விதழில்தான் தொடராக முதலில் வந்தது.